பாட வராது என்று நினைக்கும் நடுவயது ஆணுக்கு ஜப்பானியக் கரோக்கியில் எந்தப் பாட்டு?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: வயது 48, நகோயாவில் வேலைக்கு வந்து மூன்று வருடம். டிசம்பரில் நடக்கும் போனென்காய், அதாவது ஆண்டுக் கடைசி விருந்து முடிந்ததும் அலுவலகம் மொத்தமும் கரோக்கிக்கு, அதாவது பதிவு செய்த இசையோடு நாமே பாடும் அறைக்குப் போகிறது. இரண்டு வருடம் கடைசி ரயிலைச் சொல்லி நழுவிவிட்டீர்கள். இந்த வருடம் ஒரு ஜப்பானியப் பாட்டாவது பாடிவிட வேண்டும். குரல் தடிமன், பாடிப் பழக்கம் இல்லை, ஹிராகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து படிக்க வரும். எளிய பாட்டு எது?

ஒரே ஒரு பெயர் போதும் என்றால், காவாஷிமா எய்கோ 1986இல் பாடிய 'ஜிதாய் ஒகுரே'. காலத்துக்குப் பின்தங்கியவன் என்று பொருள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அந்தப் பயம் போகாமல் எந்தப் பாட்டைச் சொன்னாலும் பலிக்காது.

கரோக்கி நல்ல பாடகர்களுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறீர்கள். அது பிறந்த கதையே வேறு. 1967இல் டோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழில் நடத்திவந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. அவர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, கூட வேலை செய்தவர் கிண்டல் செய்தார். பின்னால் இசை இருந்தால் என் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர், ஒலிநாடாவையும் மைக்கையும் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். அடுத்து கோபே நகரம். மது விடுதிகளில் வாடிக்கையாளர் பாட, பின்னால் வாசிக்கும் வேலை இனோவே தாய்சுகேவுக்கு. ஒரு கம்பெனி முதலாளிக்கு அவர் வாசித்தால் மட்டும்தான் பாட வரும். இனோவே அந்த மனிதரின் குரல் எங்கே தடுமாறும் என்று தெரிந்து அதற்கேற்ப வாசிப்பார். முதலாளி வெளியூர் போகும்போது கூட வரச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அவர் குரலுக்குத் தோதாக வாசித்துப் பதிவு செய்து நாடாவைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1971இல் 11 இயந்திரங்களாக வாடகைக்கு வந்தது. அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

ஆக, பாடத் தயங்கிய நடுவயது ஆண்களுக்காகவே உண்டான பொருள் இது. பாட்டு உங்கள் குரலுக்கு இறங்கி வர வேண்டும், நீங்கள் பாட்டுக்கு ஏறிப் போக வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இறக்குவது எப்படி? ஹார்மோனியக்காரர்கள் 'கட்டை' என்று சொல்வதைத்தான் ஜப்பானியர்கள் 'கீ' என்கிறார்கள். பாட்டுத் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் தொடுதிரைப் பலகையில் 'கீ' என்று போட்டு இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று இறக்கும், ஒன்று ஏற்றும். ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய அரைக் கட்டை மாறும். ஜப்பானிய சினிமா, பாப் பாட்டுகளில் ஆண் பாடியதே பலவும் உயரமான சுருதியில் இருக்கும். உங்களைப் போன்ற தடித்த குரலுக்கு இரண்டு முதல் நான்கு வரை இறக்க வேண்டியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அலுவலகத்தில் நன்றாகப் பாடும் ஆட்களே, இந்தப் பாட்டுக்கு எனக்கு மைனஸ் மூன்று என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க, பாட்டின் ஆரம்பத்தை விட்டுவிட்டு 'சாபி'யைப் பாடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் உச்சப் பகுதிக்கு ஜப்பானில் சாபி என்று பெயர். நம்முடைய பல்லவி மாதிரி, ஆனால் பாட்டின் நடுவில் வரும். அதில் மிக உயரமான வரியில் தொண்டை இறுகி, தாடை தூக்கிக்கொண்டால் இரண்டு இறக்குங்கள். மறுபடி பாடுங்கள். பேசுகிற குரலை விடக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். அந்த எண்ணைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டாம், ஜாய்சவுண்ட் என்ற இரண்டு வகை இயந்திரங்கள்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கும். ஒரே பாட்டு இரண்டிலும் வேறு வேறு சுருதியில் தொடங்கக்கூடும். அதனால் எந்த இயந்திரத்தில் அந்த எண் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

அப்புறம், எடுப்பு. பாடிப் பழகாதவர் கெட்டுப்போவது பெரும்பாலும் உச்சத்தில் அல்ல, முதல் சொல்லில். முன்னிசை ஓடிக்கொண்டிருக்கும், எங்கே நுழைவது என்று தெரியாது. கொஞ்சம் பிந்தி நுழைந்து, பிந்தியதைப் பிடிக்கப் பார்த்து, சுருதியும் போய்விடும். அதனால் பாட்டைக் கேட்டுப் பழகும்போது முன்னிசையின் கடைசி நான்கு தட்டையும் முதல் வரியையும் மட்டும் இருபது முப்பது தடவை கேளுங்கள். 'கைடு மெலடி' என்று ஒரு வசதி உண்டு. பாட்டின் மெட்டை மெல்லிய வாத்திய ஒலியில் கூடவே வாசித்துக்கொண்டு வரும். அதன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி இருக்கும்.

மொழி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகின்றன, குறில் நெடில் கணக்கு நமக்குப் பழக்கம். பாடும்போது பெரும்பாலும் ஒரு 'கனா' எழுத்துக்கு, அதாவது ஹிராகனா போன்ற ஒலியெழுத்துக்கு, ஒரு ஸ்வரம். நாம் வழுக்குகிற இடம் 'ன்'. தமிழில் ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஜப்பானியப் பாட்டில் அதற்குத் தனித் தட்டு கிடைக்கும். மதுக்கோப்பையை உயர்த்தும்போது சொல்லும் 'கம்பாய்' என்பதை நாம் இரண்டு அசையாகச் சொல்வோம். அவர்கள் கணக்கில் அது க, ன், பா, இ என்று நான்கு. இதைப் புரிந்துகொண்டாலே பாதி வரிகள் தாளத்தில் உட்கார்ந்துவிடும். 'காஞ்சி' என்ற சீன வழி எழுத்துகளைப் பற்றிக் கவலை வேண்டாம், திரையில் அவற்றுக்கு மேல் சின்னதாகக் கனாவில் வாசிப்பு போட்டிருப்பார்கள். ஆனாலும் முதல் முறையாக அறையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். பாடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது.

சரி, பாட்டுகள்.

சகாமோட்டோ கியூவின் 'உயே ஓ முயிதே அருகோ' (1961) எல்லா வயதினருக்கும் தெரிந்த பாட்டு. நிமிர்ந்து பார்த்து நடப்போம் என்று பொருள். 1963இல் வேறு பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. மெட்டு பெரும்பாலும் 'யோனநுகி' என்ற ஐந்து ஸ்வர அளவில் போகிறது. நான்காம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் இல்லாதது என்று அர்த்தம். ச ரி க ப த, நம் மோகனம். மோகனத்தில் எத்தனையோ பாட்டுக் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. முதல் தடவையே இந்த மெட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருப்பது அதனால்தான். சகாமோட்டோ சொற்களை விக்கல் மாதிரி உடைத்துப் பாடுவார், அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. நடுவில் விசில் வரும் இடத்தில் விசில் அடிக்க வராவிட்டால் மைக்கை நீட்டுங்கள், யாராவது அடிப்பார்கள்.

அதே ஐந்து ஸ்வரத்தில் இன்னொன்று சென் மசாவோவின் 'கிதாகுனி நோ ஹரு' (1977), வடக்கு நாட்டின் வசந்தம். ஊரை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்தவன் பாடுவது. ஊரில் வசந்தம் வந்திருக்கும், அம்மா சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். அண்ணனும் அப்பாவைப் போலவே அதிகம் பேசாதவன், இரண்டு பேரும் எப்போதாவது உட்கார்ந்து குடிக்கிறார்களோ என்று நினைத்துப் பார்க்கிறான். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்திருக்கும் உங்கள் வாயில் இந்தப் பாட்டு வரும்போது, கேட்கிற ஜப்பானியருக்கு அது வெறும் எளிய பாட்டாக இருக்காது. 'என்கா' என்ற பழைய பாணி உருக்கப் பாட்டுக்கு நெருக்கமானது என்பதால் தேர்ந்தவர்கள் 'கொபுஷி' போட்டுப் பாடுவார்கள். நம் கமகம், பிருகா மாதிரி குரலைச் சுழற்றும் வேலை. நீங்கள் நேராகப் பாடினால் போதும். நேராகப் பாடினாலும் கெடாத மெட்டு அது.

மேலே ஏறவே வராது, பேசுகிற மாதிரிதான் வரும் என்றால் தெராவோ அகிராவின் 'ரூபி நோ யுபிவா' (1981). மாணிக்க மோதிரம். அவர் நடிகர், 1985இல் வந்த, இயக்குநர் குரோசவாவின் 'ரான்' படத்தில் மூத்த மகனாக நடித்தவர். இந்தப் பாட்டை முணுமுணுப்பது போலத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். அந்த வருடத்தின் ஜப்பான் இசைத்தட்டு விருது இதற்குத்தான். குரல் பலம் தேவையில்லை, ஆனால் தாளம் நிற்க வேண்டும். சொற்கள் தட்டுக்குச் சற்றுத் தள்ளி விழும். காலால் தாளம் போட்டுக்கொண்டே பேசிப் பழகியவருக்கு இது தங்கம். தாளமே சந்தேகம் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

ஃபுகுயாமா மசஹாருவின் 'சகுராசகா' (2000) உங்கள் வயதுச் சகாக்களுக்கு நெஞ்சில் இருக்கும் பாட்டு, இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அவர் குரல் இயல்பாகவே தாழ்ந்தது. மெதுவான பாட்டு என்பதால் மூச்சை எங்கே எடுப்பது என்று முன்னாலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதொத்சு தாகே நோ ஹனா' (2003), உலகில் ஒரே ஒரு பூ. இதை ஆரம்பித்தால் போதும், சாபியில் அறையே பாடிவிடும். தனியாக நிற்கும் பயம் உள்ளவருக்கு இது பாதுகாப்பு.

மார்ச் மாதப் பிரிவு விருந்து என்றால் காயென்தாய் குழுவின் 'ஒகுரு கொதொபா' (1979). பள்ளி ஆசிரியர் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் பாட்டு. ஆசிரியராக நடித்த தகெதா தெத்சுயாவே பாடியது. வரிகள் ஒரே மாதிரி வளைந்து வளைந்து வருவதால் முதல் வரி பிடிபட்டால் மற்றதும் வரும். டிசம்பருக்கு இது வேண்டாம், யாரோ வேலையை விட்டுப் போகிற மாதிரி ஆகிவிடும். 'கம்பாய்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு, அதுவும் டிசம்பருக்கு வேண்டாம், கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டே வராது, ஆனால் கத்த வரும் என்பவருக்கு ப்ளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' (1987). ஆரம்பம் மெதுவாக இருக்கும், பிறகு வெடிக்கும். சாபி முழுக்க அந்தப் பெயர்தான். பாடுகிறவர் குதித்தால் யாரும் சுருதியைப் பார்ப்பதில்லை. உங்கள் கூச்சத்துக்கு இது முதல் பாட்டாக ஒத்துவராது என்றுதான் தோன்றுகிறது.

சிறிய மது விடுதி, 'மாமா-சான்' என்று அழைக்கப்படும் பெண் நடத்தும் 'சுனாக்கு' என்றால் இரட்டைப் பாட்டு இன்னும் எளிது. இஷிஹரா யூஜிரோவும் மகிமுரா ஜுன்கோவும் 1961இல் பாடிய 'கின்சா நோ கொய் நோ மொனொகதாரி'யை மாமா-சான் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். ஆண் வரி, பெண் வரி திரையில் குறியிட்டு வரும். உங்களுக்குப் பாதிப் பாட்டுதான்.

இப்போது 'ஜிதாய் ஒகுரே'. இதன் வரிகளை எழுதியவர் அகு யூ, மெட்டு மொரிதா கொய்ச்சி. பாட்டின் ஆரம்பத்தில் ஒரு மனிதன் வருகிறான். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைதான் குடிப்பான், தொட்டுக்கொள்ள இதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டான். மைக் தன்னிடம் வந்தால் புன்னகைத்து, தனக்கு நன்றாக வரும் ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவான். அந்த ஒரு பாட்டுக்கு ஜப்பானியச் சொல் 'ஒஹாகோ'. எழுதுவது பதினெட்டாம் எண் என்று. கபுகி நாடகத்தில் இச்சிகாவா தஞ்ஜூரோ குடும்பத்தின் பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த வழக்கு.

என் பிரிவுத் தலைவர் ஒருவர், அப்போது அவருக்கு 52 இருக்கும், கரோக்கி அறைக்குள் வந்ததும் டாம்புரினை, கையால் தட்டும் சலங்கை வாத்தியத்தை, எடுத்துக்கொள்வார். அது கையில் இருந்தால் மைக் வராது. ஒரு டிசம்பர் இரவு, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல் பலகையை அவர் முன் வைத்துவிட்டாள். மறுக்க முடியவில்லை. மெதுவாக எழுத்து எழுத்தாகத் தட்டி இந்தப் பாட்டைத் தேடினார். இறக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். எழுந்து நிற்கவில்லை. மைக்கை வாய்க்கு மிக அருகில், உதட்டில் படாமல் இரண்டு விரல் இடைவெளியில் பிடித்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஏறக்குறைய பேசுகிற குரலில் பாடினார். இரண்டாவது வரியிலேயே அறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சாபி முடிந்ததும் அவரே நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு டாம்புரினை எடுத்துக்கொண்டார். கைதட்டல் நிற்க நேரம் பிடித்தது. அன்றைக்கு முழுப் பாட்டும் பிரமாதமாகப் பாடிய பலர் இருந்தார்கள், எனக்கு நினைவிருப்பது அவர் பாடிய ஒன்றரை நிமிடம்தான்.

அவர் செய்த எல்லாமே நீங்கள் செய்யக்கூடியவை. ஒரு சுற்றோடு நிறுத்துவது மரியாதைக் குறைவு இல்லை. பத்துப் பேர் காத்திருக்கும் அறையில் அது நல்ல பழக்கம். உட்கார்ந்தே பாடலாம். மைக்கைத் தள்ளிப் பிடிப்பதுதான் கூச்சக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. குரல் கேட்காது, கேட்காததால் கத்துவோம், கத்தினால் சுருதி போகும். அருகில் பிடித்து மெதுவாகப் பாடுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஒலிபெருக்கி பக்கம் திருப்பாதீர்கள், ஊளையிடும். எதிரொலி கொஞ்சம் இருக்கட்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஸ்பிட்ஸ் குழுவின் 'ரொபின்சன்' (1995) கேட்க அவ்வளவு மென்மையாக இருக்கும், எல்லோரும் ஏமாறுவது அதில்தான். பாடகரின் குரல் இயல்பாகவே உயரம், சாபி நம்மைப் போன்றவர்களைத் தூக்கி எறிந்துவிடும். நானும் முதல் வருடம் அதைத்தான் எடுத்தேன், இரண்டாம் வரியோடு குரல் நின்றது. இப்போதைய இளைஞர்கள் பாடும் ஹிகேதன்னின் 'ப்ரிடெண்டர்' (2019) போன்றவற்றை அவர்களிடமே விட்டுவிடுங்கள். தனிமுரா ஷின்ஜியின் 'சுபாரு' (1980) மெதுவாகத்தான் போகும், ஆனால் தாழ்வில் தொடங்கி உயரே போய் நீண்ட நேரம் நிற்க வேண்டும், மூச்சைத் தின்னும் பாட்டு. போதாக்குறைக்கு அது மேலதிகாரியின் ஒஹாகோவாக இருந்துவிட்டால் வம்பு. அவருடைய பாட்டை அவருக்கு முன் பாடுவது இங்கே நல்லதில்லை. போன வருடம் யார் எதைப் பாடினார்கள் என்று யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குத் தனியாகப் போங்கள். 'ஹிதோகரா' என்று அதற்குப் பெயரே உண்டு, ஒருவர் மட்டும் பாடப் போவது. வார நாள் பகலில் மிகவும் மலிவு, யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். மதிப்பெண் போடும் வசதியைப் போட்டால் மெட்டு கோடுகளாகத் திரையில் வரும், உங்கள் குரல் அதன் மேலேயோ கீழேயோ ஓடுவது தெரியும். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். உயரமான இடங்களில் எல்லாம் உங்கள் கோடு கீழேயே தங்கினால் காது கெட்டுப்போகவில்லை, கட்டை அதிகம் என்று பொருள். இன்னும் ஒன்று இறக்குங்கள். உண்மையிலேயே ஸ்வர பேதம் தெரியாத காது மிகச் சிலருக்குத்தான் இருக்கிறது. தங்களை 'ஒன்ச்சி', சுருதி கெட்டவன் என்று சொல்லிக்கொள்கிற பலர் தப்பான கட்டையில் பாடுகிறவர்கள்.

முதல் வாரம் ரயிலில் பாட்டைக் கேட்டுக்கொண்டே வரிகளை வாய்க்குள் பேசுங்கள், பாட வேண்டாம். அடுத்த வாரம் மெட்டை மட்டும் ம்ம் என்று முனகுங்கள். மூன்றாம் வாரம் தனி அறைக்கு ஒரு மணி நேரம். விருந்து இரவில், சத்தம் அடங்கிக் காது கூர்மையாகும்வரை காத்திருக்காமல், மூன்றாவது நான்காவது ஆளாகப் பாடிவிடுங்கள். அப்போது எல்லோரும் பானம் சொல்லிக்கொண்டும் பாட்டுத் தேடிக்கொண்டும் இருப்பார்கள். மீதி நேரம் மற்றவர் பாட்டுக்குக் கைதட்டலாம்.

தனி அறையில் பாடிப் பார்த்ததும் 'ஜிதாய் ஒகுரே' எந்த எண்ணில் சரியாக உட்கார்ந்தது என்று எழுதுங்கள். அதை வைத்து உங்கள் குரலுக்கு இரண்டாவது பாட்டைச் சொல்கிறேன்.